வேலூர் பக்கம் பழைய சின்ன கார் வாங்கப் போகிறேன், பார்ட்ஸ் கிடைக்குமா என்பதுதான் கவலை

குடியாத்தத்தான்:

வணக்கம். அம்மாவை மாதம் இரண்டு மூன்று தடவை வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. முழங்கால் வலியோடு பஸ் படி ஏற அவர்களால் முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார் பிடித்து வெயிட்டிங்குக்கும் சேர்த்துக் கொடுத்து எனக்கும் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஒரு பழைய சின்ன கார் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். கையில் இருப்பது இரண்டே முக்கால் லட்சம். அதற்கு மேல் கடன் வாங்க மனமில்லை.

மூன்று கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2012 ஃபோர்டு ஃபிகோ டீசல், ஒரே ஓனர், பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, மூன்றிலும் விலை குறைவு. இரண்டாவது 2012 ஹூண்டாய் ஐ10, 1.1 பெட்ரோல், இரண்டு கை மாறியது, வலது பக்கக் கதவில் கோடு. மூன்றாவது 2014 வேகன் ஆர், சென்னையிலிருந்து வந்த வண்டி, புரோக்கர் இதைத்தான் தள்ளிவிடப் பார்க்கிறார்.

ஓட்டிப் பார்த்ததில் மனசு ஃபிகோ பக்கம்தான் போகிறது. ஆனால் கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்டது, நாளைக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் எங்கே போவாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை பட்டறை:

தம்பி, 26 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டில் கேட்ட கேள்வி சரியான கேள்விதான், ஆனால் அதைக் கொஞ்சம் பிரித்துக் கேட்க வேண்டும். "பார்ட்ஸ் கிடைக்குமா" என்று மொத்தமாகக் கேட்டால் யாரும் உண்மையான பதில் சொல்ல முடியாது. எந்த பார்ட்?

பிரேக் பேட், ஃபில்டர், கிளட்ச் செட், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பால் ஜாயிண்ட், இதெல்லாம் தேய்கிற சாமான். கார் கம்பெனி இவற்றைப் பெரும்பாலும் தானே செய்ததில்லை, வெளியில் வாங்கித்தான் மாட்டியது. பிரேக் செய்கிற பிரேக்ஸ் இந்தியாவின் ஆலையே நம்ம சோளிங்கரில் இருக்கிறது. லூகாஸ் டிவிஎஸ், ரானே, பாஷ், வேலியோ என்று ஒவ்வொன்றுக்கும் செய்கிறவர்கள் தனி. ரோட்டில் லட்சக்கணக்கில் வண்டி ஓடுகிற வரைக்கும் அவர்கள் செய்து விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள், காரின் மூக்கில் எந்தப் பெயர் இருந்தால் அவர்களுக்கு என்ன.

அடுத்தது இன்ஜின், கியர்பாக்ஸ் உள்சாமான். இங்கே பார்க்க வேண்டியது அதே இன்ஜின் வேறு எந்தக் காரில் வந்தது என்பதை. ஃபியட் நம்ம நாட்டில் கார் விற்பதை நிறுத்திவிட்டது, ஆனால் அவர்களுடைய 1.3 மல்டிஜெட் டீசல்தான் ஸ்விஃப்டிலும் டிசையரிலும் ரிட்ஸிலும் டாடா விஸ்டாவிலும் ஓடியது. அதற்குச் சாமான் இல்லை என்று வேலூரில் ஒரு கடைக்காரர்கூடச் சொல்ல மாட்டார். டட்சன் பெயரை நிசான் 2022-ல் நிறுத்திவிட்டது, ஆனால் ரெடி-கோவின் அடித்தளமும் இன்ஜினும் ரெனோ க்விட்டோடு பொதுவானவை. நிசான் மைக்ராவும் ரெனோ பல்ஸும் ஒரே கார், பெயர்தான் வேறு.

உண்மையான தொல்லை மூன்றாவது வகையில்தான். ஹெட்லைட், பம்பர், ஃபெண்டர், கதவுக் கண்ணாடி, டேஷ்போர்டு, வயரிங், இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசிஎம். இதெல்லாம் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும். கம்பெனி போனபின் முதலில் அருகிப் போவதும் இதுதான். ஷெவர்லே 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்தியது. பீட், ஸ்பார்க் வைத்திருப்பவர்கள் என்னிடம் ஆயில் சர்வீஸுக்கு வரும்போது சிரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். முன்பக்கம் இடித்துக்கொண்டு வரும்போதுதான் முகம் வாடிப்போகிறது.

ஃபிகோ டீசலைப் பற்றி: 1399 சிசி இன்ஜின், நல்ல இன்ஜின், ஐகான், ஃபியஸ்டா டீசலிலும் வந்ததுதான். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, சர்வீஸும் சாமானும் தொடரும் என்றும் சொன்னது. அதனால் நாளைக்கே அநாதையாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் உனக்கு மாதம் 500 கிலோமீட்டர்கூட வராது. அந்த ஓட்டத்துக்கு டீசல் எதற்கு? இன்ஜெக்டர், டர்போ, ஹை பிரஷர் பம்ப், இதில் ஒன்று போனாலும் இத்தனை நாள் எண்ணெயில் மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே பில்லில் போய்விடும்.

காட்பாடி ஃபிகோ:

அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நான் 2011 ஃபிகோ டீசலைப் புதிதாக வாங்கி இன்றுவரை ஓட்டுகிறேன். ஒரு லட்சத்து அறுபதாயிரம் தாண்டிவிட்டது. பெங்களூருக்கும் சென்னைக்கும் எத்தனை நடை என்று கணக்கே இல்லை. ஏலகிரி மலை 14 வளைவிலும் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வண்டி ஏன் பிடிக்கிறது என்று புரியும். இன்ஜின் வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்குகிற டைமிங் பெல்ட்டைச் சரியான நேரத்துக்கு மாற்றினேன், டீசல் ஃபில்டரைத் தள்ளிப்போட்டதில்லை, இதுவரை நடுவழியில் நின்றதில்லை.

அடிபட்டால் பாடி சாமானுக்கு அலைய வேண்டியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டே முக்கால் லட்சத்துக்குள் இவ்வளவு கனமான, நிலையான கார் வேறு எது கிடைக்கும்? விலை குறைவாக இருப்பதே கம்பெனி போய்விட்டது என்ற பயத்தால்தான். அந்தப் பயத்தால் நமக்கு லாபம் என்றுதான் நான் பார்க்கிறேன். குடியாத்தத்துக்காரர் வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டுவார் என்றால் தாராளமாக வாங்கலாம்.

ஆம்பூர் 83:

ஃபிகோ நண்பர் காரை முதல் நாளிலிருந்து தானே வைத்திருக்கிறார், அதனால் அதன் ஜாதகமே அவருக்குத் தெரியும். பழைய காராக வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை, அதை மறந்துவிடாதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். கார் எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், அவர்கள் மேல் தப்பும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு பழைய ஹாட்ச்பேக் வாங்கினேன். இன்ஜின் சத்தம் தேன் மாதிரி இருந்தது, டயர் புதுசு, சீட் கவர் புதுசு. ஏப்ரல் மாதம் ஏசி போட்டுக்கொண்டு வாணியம்பாடி போகும் வழியில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே குழாயெல்லாம் சுண்ணாம்பு அடைத்து வெள்ளையாக இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் கூலன்ட் ஊற்றாமல் வருஷக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். நம்ம பாலாற்றுப் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பேறிப் போன தண்ணீர், அதில் பருப்புகூட வேகாது. அதைக் கொதிக்கிற இன்ஜினுக்குள் ஊற்றினால் என்ன ஆகும்? ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் மூன்றும் மாற்றினேன். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பிச் சமப்படுத்தியது தனிச் செலவு.

அதனால் கார் பார்க்கப் போகும்போது காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது போங்கள். ரேடியேட்டர் மூடியை அப்போதுதான் திறக்கலாம், சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். உள்ளே பச்சையோ சிவப்போ தெளிவான கூலன்ட் இருந்தால் சரி. துருத் தண்ணீரோ வெள்ளைப் படிவமோ தெரிந்தால் அந்த வண்டியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், தயிர் மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

சத்துவாச்சாரி கவுன்ட்டர்:

நான் ஸ்பேர்ஸ் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவன். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன்.

கார் வாங்கிய பிறகுதான் எல்லோரும் எங்களிடம் வருகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் வாருங்கள். ஆர்சி என்கிற பதிவுச் சான்றில் இருக்கும் சேஸிஸ் நம்பரை எழுதிக்கொண்டு வந்தால் பார்ட் நம்பர் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவோம், இதற்குக் காசு வாங்குவதில்லை. ஐந்தே ஐந்து சாமான் கேளுங்கள்: ஹெட்லைட், முன் பம்பர், கிளட்ச் செட், ஏசி கம்ப்ரசர், ஸ்டியரிங் ராக். விலையை மட்டும் கேட்காதீர்கள், எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். கையில் இருக்கிறது என்று சொல்கிறோமா, நாளைக்கு வரும் என்று சொல்கிறோமா, ஆர்டர் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று இழுக்கிறோமா, அதிலேயே உங்கள் பதில் இருக்கிறது.

வேலூருக்கு ஒரு வசதி உண்டு, அதை நம்மவர்கள் முழுசாகப் பயன்படுத்துவதில்லை. இந்தப் பக்கம் சென்னை ஜி.பி. ரோடு, அந்தப் பக்கம் பெங்களூர் ஜே.சி. ரோடு, இரண்டும் ஸ்பேர்ஸ் கடைவீதி, இரண்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலை மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். சென்னையில் சாயங்காலம் பார்சல் போட்டால் காலையில் இங்கே எடுத்துக்கொள்ளலாம். பழைய வண்டியில் கழற்றிய சாமான் என்றால் சென்னை புதுப்பேட்டை. கதவு, பம்பர், ஹெட்லைட் மாதிரி சாமான்களை அங்கே வாங்குவதில் தப்பில்லை, பழைய மாடலுக்குப் பல நேரம் அதுதான் வழி. ஆனால் பிரேக் சாமான், டைமிங் பெல்ட், ஏர்பேக், இதையெல்லாம் கழற்றியதாக வாங்கவே கூடாது. புதுசிலும் டூப்ளிகேட் ஓடுகிறது, அட்டைப்பெட்டியை மட்டும் பார்த்து ஏமாறாமல் பில் கேட்டு வாங்குங்கள்.

ஆரணி டீச்சர்:

நடுவில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இடது காலில் கிளட்ச் மிதிக்கச் சிரமம், அதனால் பழைய செலேரியோ ஆட்டோமேட்டிக் பார்க்கிறேன். அதோடு டெல்லிப் பதிவு காரை ஒருவர் ரொம்பக் குறைந்த விலைக்குக் காட்டுகிறார். இரண்டையும் பற்றி யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ராணிப்பேட்டை பட்டறை:

டீச்சர், செலேரியோவில் 2014-ல் வந்த ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை நம் காலுக்குப் பதிலாக ஒரு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் மிதிக்கிறது. கியர்பாக்ஸ் சாமான் எல்லாம் எளிதாகக் கிடைக்கும், அந்த ஆக்சுவேட்டர் தொகுதிதான் விலை. ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பழக்கம் முந்தைய ஓனருக்கு இருந்திருந்தால் கிளட்ச் சீக்கிரம் தேய்ந்திருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஆளிடம் காட்டாமல் ஏஎம்டி வாங்காதீர்கள்.

டெல்லி வண்டி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று கட்டுப்பாடு வந்ததால்தான் விலை விழுந்தது. அந்தக் கட்டுப்பாடு தமிழ்நாட்டுக்கு இல்லை, அது உண்மை. ஆனால் அங்கிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டிஎன் நம்பர் போட்டு முடிப்பதற்குள் லாபம் கரைந்துவிடும். சித்தூர்ப் பதிவு, கர்நாடகப் பதிவு வண்டிக்கும் இதே கணக்குதான்.

குடியாத்தத்துத் தம்பிக்கும் ஒன்று. 2012 வண்டிக்கு 2027-ல் ஆர்சி 15 வருஷம் முடிகிறது. அதன்பின் எஃப்சி என்கிற தகுதிச் சான்று எடுத்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணம் 600-லிருந்து 5000 ரூபாயாகிவிட்டது, பசுமை வரியும் உண்டு. விலை பேசும்போது இதையும் கழித்துப் பேசு.

குடியாத்தத்தான்:

எல்லோருக்கும் நன்றி. கவுன்ட்டர் அண்ணன் சொன்னபடி மூன்று காரின் சேஸிஸ் நம்பரையும் எழுதிக்கொண்டு இரண்டு கடையில் விசாரித்தேன். வேகன் ஆருக்கும் ஐ10-க்கும் ஐந்து சாமானில் மூன்று கையிலேயே இருக்கிறது, மீதியும் இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்கள். ஃபிகோவுக்குக் கிளட்ச் செட் உடனே எடுத்துக் காட்டினார்கள். விளக்கும் பம்பரும் விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். பட்டறை அண்ணன் பிரித்துச் சொன்னது அப்படியே இருந்தது. காட்பாடி நண்பர் கோபிக்க வேண்டாம், அம்மாவை உட்கார வைத்து ஓட்டுகிற ஒரே வண்டி, ஒரு சின்ன இடியில் மூன்று வாரம் பட்டறையில் நின்றால் மறுபடி வாடகைக் காருக்குத்தான் போக வேண்டும். அதனால் ஃபிகோவை விட்டுவிட்டேன்.

ஆக வேகன் ஆர்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். 998 சிசி கே சீரிஸ் இன்ஜின், டைமிங் செயின், மாற்ற வேண்டிய பெல்ட் இல்லை. இந்த ஞாயிறு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ஆம்பூர் 83:

கொடுக்காதீர்கள். சென்னையிலிருந்து வந்த வண்டி என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. கழுவித் துடைத்து வெளியூரில் விற்றால் யாருக்குத் தெரியும். நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கிற பகுதியை யாரும் கழுவுவதில்லை. டிக்கியில் ஸ்டெப்னி எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த விளக்கு எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குடியாத்தத்தான்:

ஆம்பூர் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பின் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தேன், கடைசி ஒரு சாண் காய்ந்த சேற்று நிறத்தில் இருந்தது. ஸ்டெப்னிக் குழியில் ஓரமெல்லாம் துரு. புரோக்கரிடம் கேட்டேன், தோட்டத்து மண் ஒட்டியிருக்கும் என்றார். பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று ஐ10-ஐ மறுபடி போய்ப் பார்த்தேன். காலையில் சில்லென்று ஸ்டார்ட் பண்ணினேன், ஒரே சுற்றில் பிடித்தது. கூலன்ட் பச்சையாக இருந்தது. மதியம் ஒரு மணிக்கு ஏசி போட்டுக்கொண்டு கிரீன் சர்க்கிள் நெரிசலில் இருபது நிமிஷம் ஊர்ந்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை. கதவுக் கோடு கோடாகவே இருக்கட்டும். ஆனால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ஓனருக்குத் தெரியவில்லை. இந்த இன்ஜின் பழசு, சாமான் நின்றுவிடும் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார்.

ராணிப்பேட்டை பட்டறை:

அது சான்ட்ரோ ஜிங்கில் வந்த அதே 1086 சிசி இன்ஜின். 2018-ல் சான்ட்ரோ திரும்ப வந்தபோதும் இந்த 1.1-ஐத்தான் போட்டார்கள், 2022 வரை விற்றார்கள். சாமான் நிற்காது. 1.2 கப்பா இன்ஜின் ஐ10 என்றால் செயின், உன்னுடையதில் பெல்ட். ஞாபகத்தில் வை.

பெல்ட் மாற்றிய தேதி தெரியாது என்றால் மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும், அப்புறம் ஹெட் வேலை. அந்தச் செலவை ஓனரிடம் விலையில் கழித்துக் கேள், நியாயமான ஆளாக இருந்தால் ஒத்துக்கொள்வார். பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கு. பழைய பேங்க் கடன் ஆர்சியில் இன்னும் நிற்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள். பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உன் பெயருக்கு மாற்றிவிடு, நிறைய பேர் விடுவது அதைத்தான்.

காட்பாடி ஃபிகோ:

கோபமெல்லாம் இல்லை நண்பரே, அம்மாவுக்காக எடுத்த முடிவு சரிதான். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2012 வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. வெடிப்பு தெரிந்தால் புதுசு போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை.

குடியாத்தத்தான்:

பதினெட்டாயிரம் குறைத்துக்கொண்டார். இன்று காலை காரை எடுத்துவிட்டேன். பட்டறை அண்ணா, பெல்ட் வேலைக்கு உங்களிடமே கொண்டுவரட்டுமா? வரும் வியாழன் அம்மாவுக்கு செக்கப், அதற்குள் முடிந்தால் நன்றாக இருக்கும்.

ராணிப்பேட்டை பட்டறை:

செவ்வாய் காலையில் கொண்டுவா. கொஞ்சம் தூரம் வர வேண்டியிருக்கும், மெதுவாக வா, இன்ஜினை விரட்டாதே. குடியாத்தத்தில் நம்பிக்கையான ஆள் இருந்தால் அங்கேயே பார்த்தாலும் சரிதான். பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் சத்துவாச்சாரித் தம்பியிடம் பில்லோடு வாங்கிக்கொண்டு வா, வழியில்தான் இருக்கிறது. கழற்றும்போதே கேம் சீல், கிராங்க் சீல் கசிகிறதா என்றும் வாட்டர் பம்பில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறேன். ஹோஸையும் பார்க்கிறேன். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகலாம்.

சத்துவாச்சாரி கவுன்ட்டர்:

சேஸிஸ் நம்பர் நீங்கள் கொடுத்தது என்னிடம் இருக்கிறது. பெல்ட், டென்ஷனர் இரண்டும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். கடை ஒன்பது மணிக்குத் திறப்போம்.